கோழிகளுக்குத் திரை கட்டிய டாக்டர்

நாமக்கல்லில் மனிதர்களின் தூக்கத்தைவிடக் கோழிகளின் தூக்கத்துக்காக அதிகம் கவலைப்பட்ட ஒரே பிறவி எங்கள் 'லைட்டாஃப்' டாக்டர்தான். கோழி வைத்தியர். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் சுவிட்சைத் தேடி விளக்கை அணைப்பார். ஒரு கல்யாண வரவேற்பில் மேடை விளக்கையே அணைத்துவிட்டு, "பொண்ணோட மூளைக்கு இது ராத்திரிங்க" என்றார். வீடியோக்காரர் அவரை அடிக்க வந்தார்.

எனக்கும் அப்போது தூக்கமில்லை. ஜன்னலுக்கு நேரே தெருவிளக்கு. மறைப்பு வைக்கக் கோரி, நான் ஓய்வு பெற்ற மின்சார அலுவலகத்துக்கே முறைப்படி மனு கொடுத்திருந்தேன். நான் தூங்காவிட்டாலும் மனு நன்றாகத் தூங்கியது.

இந்த நிலையில், மோகனூர் சாலையில் கோழிப்பண்ணை வைத்திருந்த பழனியம்மாள் ஓடிவந்தார்.

"டாக்டரு, கோழிக கண்ட நேரத்துல முட்டை உடுதுங்க, பாதி உடறதே இல்லீங்க. இப்படியே போனா மொத்தத்தையும் கறி லாரிக்கு ஏத்த வேண்டியதுதான்!"

டாக்டரோடு நானும் போய்ப் பார்த்தேன். பண்ணைக்கு எதிரே மாரியம்மன் கோயில். பண்டிகை முடிந்தும் கழற்றாத விளக்குகள் விடியவிடிய எரிந்தன. டாக்டர் துள்ளினார்.

"மூளைக்குள்ள ஹார்மோன் செய்யற ஜீனு வேளைக்கு முழிச்சு வேளைக்கு அடங்கோணுமுங்க. வெளிச்சந்தான் அதுக்கு ஆலைச் சங்கு. இங்க சங்கு நிக்கவே இல்லையே!"

விழாக் குழுத் தலைவர் முறைத்தார். "ஆத்தாளையே இருட்டுல உக்காரச் சொல்றீங்களா?"

"ஆத்தா உக்காரட்டுமுங்க. கோழி படுக்கோணுமில்ல!"

நான் குறுக்கிட்டு, கோயில் விளக்குகளின் தற்காலிக மின் இணைப்பைத் துண்டிக்க யாருக்கு எழுத வேண்டும், நகல் யாருக்கு என்று விளக்கினேன்.

"உங்க நகல் போய்ச் சேர்றதுக்குள்ள கோழி கொழம்பாயிருமுங்க" என்று கிளம்பிப் போன டாக்டர், லாரிப் பட்டறைகளில் கெஞ்சித் தார்ப்பாய்களோடு திரும்பினார். பொழுது சாய்ந்ததும் கொட்டகைக்குத் திரை இறங்கும்; விடிந்ததும் ஏறும். நாடகக் கொட்டகை தோற்றது. நாளாக நாளாக முட்டை ஒழுங்குக்கு வந்தது. கறி லாரி காலியாகத் திரும்பியபோது பழனியம்மாள் கைதட்டிச் சிரித்தார்.

மறுநாள் மாலை பார்த்தால், மிச்சத் தார்ப்பாயோடு டாக்டர் என் ஜன்னலில் ஏணி போட்டு நிற்கிறார்.

"ஏனுங்க, நான் என்ன முட்டையா உடப்போறேன்?"

"மொதல்ல தூங்குங்க சார். அப்புறம் பார்க்கலாம்."

தூங்கினேன்.

டாக்டர் இப்போது மகளோடு ஓசூரில் இருக்கிறார். என் மனு ஒருவழியாக விழித்துக்கொண்டு, தெருவிளக்குக்கு மறைப்பும் வந்துவிட்டது. தார்ப்பாயை மட்டும் நான் இன்னும் அவிழ்க்கவில்லை.