ராஜையன் எழுதிய இரண்டு சீட்டுகள்

ராஜையன் தம் வாழ்நாளில் எடுத்த தீர்மானங்களிலேயே பெரியதை, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டே எடுத்தார். வாய் நிறைய நுரையோடு கண்ணாடியைப் பார்த்து, "டிரெய்லர் வாங்குறதுல பொம்பளைக்கு என்ன காரியம்?" என்று கேட்டார். கண்ணாடி பதில் பேசவில்லை. அந்த வீட்டில் அவரை எதிர்த்துப் பேசாத ஒரே பொருள் அதுதான்.

ராஜையன் சொந்த லாரி வைத்து, தாமே ஓட்டிப் பிழைக்கிறவர். முன்னால் நின்று இழுக்கிற இன்ஜின் வண்டி கல்லுமாதிரி இருந்தது. பின்னால் மாட்டி இழுக்கிற டிரெய்லர்தான் அடிச்சட்டம் விரிசல் விட்டு, வண்டித் தகுதி பார்க்கிற எஃப்.சி.க்குப் போன இடத்தில் 'இனி இதை ரோட்டில் காணக்கூடாது' என்ற வாழ்த்துடன் திரும்பி வந்தது. புதிதாக ஒரு பிளாட்பெட் எடுத்தாக வேண்டும். பக்கச் சுவர் இல்லாமல் வெறும் தட்டாக இருக்குமே, அது. அதுவரைக்கும் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே கருத்துதான். சண்டை நீளத்தில் வந்தது. அவருக்கு நாற்பதடி வேண்டும். பூங்கனி முப்பத்திரண்டு போதும் என்றாள்.

அவருடைய நாற்பதடி ஆசைக்குப் பின்னால் தொழில் ஞானம் எதுவும் கிடையாது. சகலை ஜெப்சன் இருந்தான். பூங்கனியின் தங்கையைக் கட்டியவன். போன வருஷம் நாற்பதடி எடுத்து மும்பை, குஜராத் என்று ஓடுகிறான். கல்யாண வீட்டில் அவன், "நாசிக் தாண்டி ஒரு டாபா உண்டு" என்று தொடங்கினால் ஆட்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார்கள். ராஜையன் கோட்டாற்றுக் கடைகளுக்குக் கம்பி இறக்கிய கதையைத் தொடங்கினால் எல்லோருக்கும் பந்தி ஞாபகம் வந்துவிடுகிறது.

"நாப்பதடிக்கு இஞ்ச லோடு உண்டா?" என்று கேட்டாள் பூங்கனி.

"உண்டாக்குவேன்."

"தூத்துக்குடில இருந்து கம்பி. கேரளாவுக்கு ரப்பர் தடி. தேங்காய்ப்பட்டணத்துக்கு ஃபைபர் வள்ளம். நம்ம லோடு இவ்வளவுதான். இதுக்கு முப்பத்திரண்டு தாராளம்."

"வடக்க ஓட்டப் போறேன்."

"ஓட்டுனா வீட்டுக்கு எப்ப வருவிய?"

"மாசத்துக்கு ஒருக்கா."

"சுகர் மாத்திரைய யாரு எடுத்துத் தருவா? அந்த நாசிக் டாபாக்காரனா?"

ராஜையன் மாத்திரை டப்பாவை அலமாரிக்குள் தள்ளினார். பூங்கனி விடவில்லை. 

"சரி, வந்தாலும் வண்டிய எங்க நிறுத்துவிய? சர்ச் முக்குல திரும்பாது. நான் அளந்து பாத்தாச்சு."

"என்னத்த வச்சு அளந்த?"

"சேலைய வச்சு. ரெண்டு சேலையும் மூணு முழமும் சேந்தா நாப்பதடி. ரெண்டாவது சேலை சொர்ணம்மாள் அக்காவுக்க மதிலுக்குள்ள போயிற்று."

ராஜையன் அதிர்ந்துபோனார். சேலையால் அளந்தது அவரை அதிரவைக்கவில்லை. முந்தின நாள் அவரே யாரும் பார்க்காமல் டேப் வைத்து அளந்திருந்தார். அதிலும் மதில் இடித்தது.

நியாயத்தில் தோற்ற மனிதனுக்குத் தெய்வம்தான் துணை. அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. முடிவு எட்டாத காரியம் என்றால் இரண்டு சீட்டு எழுதி வேதப்புத்தகத்துக்குள் வைப்பார்கள். போதகர் வந்து ஜெபித்து ஒன்றை எடுப்பார். எடுத்தது கர்த்தருடைய சித்தம். மாப்பிள்ளை, காலேஜ், கிணறு தோண்டுகிற இடம் என்று அந்த ஊரில் எத்தனையோ அப்படி முடிவாகியிருக்கின்றன. வந்த சீட்டுக்கு எதிராக வாயைத் திறந்தவர் யாரும் இல்லை.

"ஏட்டி பூங்கனி, நாம எதுக்கு மல்லுக்கு நிக்கணும்? ஆபேல் போதகரக் கூப்பிட்டுச் சீட்டுப் போடுவோம். கர்த்தர் சொல்லட்டும்."

மீன் நறுக்கிக்கொண்டிருந்த பூங்கனி நிமிர்ந்து பார்த்தாள். "சரி" என்றாள்.

இருபத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் எடுத்த எடுப்பில் சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. உஷாரான ஆள் அந்த இடத்திலேயே உஷாராகியிருப்பான். ராஜையன் சந்தோஷப்பட்டார்.

லாரியின் டிரிப் ஷீட்டில் ஒரு தாளைக் கிழித்து இரண்டாக்கினார். ஒன்றில் 40 என்று எழுதினார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மற்றதிலும் 40 என்று எழுதினார். கர்த்தரை ஏமாற்றவில்லை, அவருக்கு வேலையைக் குறைத்துக் கொடுக்கிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மடித்து, வேதப்புத்தகத்தில் வைத்துவிட்டுப் போதகரை அழைத்துவர பைக்கை எடுத்தார்.

போதகர் வந்தார். பக்கத்து வீட்டுச் சொர்ணம்மாள் யாரும் கூப்பிடாமலே வந்தாள். பூங்கனி எல்லோருக்கும் சாயா கொடுத்தாள்.

"சீட்டு எழுதினது யாரு?" என்று கேட்டார் போதகர்.

"நாந்தான். எனக்க கையால எழுதுனேன்."

"வேற ஆரும் தொடல்லியே?"

"ஒருத்தரும் தொடல்ல. அதுக்கு நான் பொறுப்பு."

"எது வந்தாலும் சம்மதம்தானா?"

"சம்மதம். பின்னால மாத்திப் பேசுனா நான் மனுசனே இல்ல."

சொர்ணம்மாள் நெஞ்சில் கைவைத்துக் கேட்டுக்கொண்டாள். போதகர் கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினார். பிரேக், டயர், ஆக்சில் எல்லாவற்றையும் தனித்தனியே ஆசீர்வதித்தார். அதற்குள் ராஜையன் மனதுக்குள் நாசிக்கைத் தாண்டியிருந்தார். ஆமென் சொன்ன போதகர் ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தார்.

"முப்பத்திரண்டு."

ராஜையன் நாசிக்கிலிருந்து திரும்பி வந்தார். சீட்டை வாங்கிப் பார்த்தார். டிரிப் ஷீட் தாள்தான். நீல மைதான். 32. உடம்பெல்லாம் புல்லரித்தது. தண்ணீரைத் திராட்சரசமாக மாற்றியவருக்கு நாற்பதை முப்பத்திரண்டாக மாற்றுவது பெரிய காரியமா? பயத்தில் அரை நிமிஷம் அவர் நல்ல விசுவாசியாகவே இருந்தார். பிறகு பூங்கனியின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த அமைதி ஒரு சாதாரண மனுஷிக்கு வரக்கூடியது அல்ல.

கள்ளி சீட்டை மாற்றியிருக்கிறாள். இரண்டையும்தான் மாற்றியிருப்பாள். ராஜையன் துள்ளி எழுந்தார்.

"போதகரே, அந்த மத்தச் சீட்டையும் எடுத்துப் பாருங்க."

"அது எதுக்கு?"

"எடுங்க, சொல்லுதேன்."

போதகர் எடுத்தார். பிரித்தார். 32.

"கண்டியளா?" என்றார் ராஜையன். "ரெண்டுலயும் ஒண்ணுதான். வேதப்புத்தகத்துக்குள்ள வச்சு இப்படியொரு கள்ளத்தனமா? இத எழுதுன ஆளுக்கு மனசாட்சி உண்டா? நீங்களே கேளுங்க."

போதகர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கேக்கத்தான் போறேன். ராஜையா, சீட்டு நீருதான எழுதுனீரு?"

ஒருத்தரும் தொடவில்லை என்று தாமே பொறுப்பேற்றது அப்போதுதான் ராஜையனுக்கு ஞாபகம் வந்தது. இருந்தாலும் இருபத்தெட்டு வருஷ அனுபவம் கைகொடுத்தது. ஒன்றில் நாற்பதும் ஒன்றில் முப்பத்திரண்டும் எழுதி வைத்தேன், இவள்தான் மாற்றிவிட்டாள் என்று சொல்லிவிட்டால் போதுமே. வாயைத் திறந்தார்.

போதகரின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த பூங்கனி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இரண்டு துண்டுத் தாள்கள். அவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒன்றைப் பிரித்துக் காட்டினாள். 40. அடுத்ததையும் காட்டினாள். 40. பிறகு அவசரமில்லாமல் முடிந்துகொண்டாள்.

ராஜையன் திறந்த வாயை மூடினார்.

"ஆசை இருந்தா வெளிய சொல்லணும்," என்றார் போதகர் வருத்தத்தோடு. "ஒரு முப்பத்திரண்டு அடிக்காக கர்த்தரையே ஏமாத்தப் பாத்தீரே."

"அவர வையாதுங்க," என்றாள் பூங்கனி. குரல் தழுதழுத்தது. "எனக்கு நாப்பதடிதான் ஆசை. ஜெப்சன் வச்சிருக்க மாதிரி இவருக்கும் ஒண்ணு இருக்கணும்னு நெனச்சேன். ஆனா இவரு இந்த அளவுக்கு ஆசப்படும்போ நான் குறுக்க நிக்கலாமா? விட்டுக் குடுக்கேன்."

ராஜையன் வாழ்க்கையில் பல விபத்துகளைப் பார்த்தவர். இப்படி ஒன்றை எந்த ரோட்டிலும் பார்த்ததில்லை. பூங்கனி அதே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சொர்ணம்மாளுக்கும் அழுகை வந்துவிட்டது. "பொன்னுபோல பெண்டாட்டி. இவளப் போயி," என்று ராஜையனை முறைத்தாள். விட்டுக்கொடுத்த மனைவியைப் பற்றி ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சொல்வதாகப் போதகர் வாக்குக் கொடுத்தார். அதற்கு முன்னால் ராஜையனை முழங்காலில் நிறுத்தினார். முப்பத்திரண்டடி டிரெய்லர்மேல் வைத்த பேராசைக்காக ராஜையன் கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டார்.

அவர்கள் போன பிறகு, அடுக்களை வாசலில் போய் நின்றார்.

"எப்போ மாத்துன?"

"எத?"

"சீட்ட."

பூங்கனி திரும்பி நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். "அதுல என்ன எழுதியிருந்திய?"

ராஜையன் முந்தானை முடிச்சைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே, இன்னும் வீட்டுக்குப் போகாமல் நிற்கிற சொர்ணம்மாளைப் பார்த்தார்.

"முப்பத்திரண்டு," என்றார்.

"பின்ன நான் என்னத்த மாத்த?"