காதலியின் தாயைச் சின்னம்மா என்றவன்

பொகவந்தலாவை
12.07.1998

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தங்கள் வார இதழில் 'கொழுந்துமலைக் காதலி' தொடர்கதையை எழுதிவரும், ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியன் ஆண்டியப்பன் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே மழை விடவில்லை. தாங்களாவது சுகமாக இருக்க வேண்டும்.

ஐயா, ஐந்தாம் அத்தியாயம் வந்ததிலிருந்து கடைத்தெருவுக்குப் போக எனக்கு முகமில்லை. 'காதல் போதாது, நெருக்கம் கூட்டவும்' என்று தபாலட்டை போட்டீர்கள். எனக்குப் பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம். மனைவி ராசம்மாவிடம் நான் பேசிய காதல் வசனம் 'குளிருது, கதவச் சாத்து' என்பதோடு சரி. இருந்தும் தங்கள் சொல்லைத் தட்டாமல், கதாநாயகனைத் தேயிலைக்குள் கதாநாயகியின் கையைப் பிடிக்க வைத்தேன். ஆனால் இரண்டாம் அத்தியாயத்தில், பையன் மரியாதை தெரிந்தவன் என்று காட்ட, அவளுடைய அம்மாவைச் 'சின்னம்மா' என்று கூப்பிட வைத்திருந்தேனே, அதை நான் மறந்துபோனேன், தாங்களும் கவனிக்கவில்லை, தோட்டத்து லய வீடுகளில் ஒருவர்கூட மறக்கவில்லை. மர்சூக் நானா கடை வாசலில் கதையைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தவர்கள் என்னைக் கண்டதும் நிறுத்தினார்கள். கொழுந்துக் கூடையோடு நின்ற காளியாயிதான் கேட்டாள்:

“ஏங்க வாத்தியாரய்யா, சின்னம்மா மகள்னா தங்கச்சிதானுங்களே? தங்கச்சி கையவா புடிச்சான் அந்தப் பாவிப்பய?”

வாங்கப் போன சீனியை மறந்து வீடு திரும்பினேன்.

அதோடு விட்டதா? என் மகள் தயானிக்கு வெற்றிலை மாற்ற வரவிருந்த கினிகத்தேனைக்காரர்கள், “மொற தெரியாத வீட்டுல எப்படிங்க பொண்ணு எடுக்கிறது?” என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். ராசம்மா சோறு போடுகிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை. காதல் எழுதப் போய்ப் பெற்ற மகளின் கல்யாணத்தையே கெடுத்துவிட்டேனே என்று வெட்கத்தில் கூனிக் கிடக்கிறேன். ஆகவே அடுத்த இதழில், 'அது சின்னம்மா அல்ல, அத்தை' என்று பெரிய எழுத்தில் திருத்தம் போட்டு, கதையையும் அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

தங்களையும் அச்சுக் கோப்பவர்களையும் முருகன் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத
ஆண்டியப்பன்

பி.கு.: தபாலில் போடக் கொடுத்த இந்தக் கடிதத்தைத் தயானி படித்துவிட்டாள். கினிகத்தேனைச் சம்பந்தம் நின்றதில் அவளுக்குச் சந்தோஷமாம். “திருத்தமெல்லாம் போடாதீங்கப்பா. கதையில அவங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் பண்ணி வச்சிருங்க” என்று அழுதாள். உன் மனதில் இருப்பது யாரம்மா என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக் கந்தப்பனின் மகனாம். எங்களுக்குச் சொந்தமே இல்லை, ஆனால் பேசப் பழகிய நாளிலிருந்து என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறான். ஆகவே திருத்தம் வேண்டாம் ஐயா. வாயால் கூப்பிட்டதெல்லாம் முறையாகிவிடாது என்று காளியாயியே ஒப்புக்கொள்ளும்படி ஆறாம் அத்தியாயம் எழுதிக்கொண்டிருக்கிறேன். தயவுசெய்து ஒரு பக்கம் கூடுதலாகத் தரவும். பையன் என்னை எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல், கண்டவுடன் தேயிலைக்குள் இறங்கி ஓடுகிறான்.