மாமியார் ஆவியும் மிக்ஸ் காபியும்

தென் கொரியாவின் டோங்யோங் துறைமுகத்தில் அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு வரிசைகள் நின்றன. ஒன்று சிப்பி வாங்க. இன்னொன்று தாமரை போசல் என்ற சாமியாடிப் பெண்ணிடம் குறி கேட்க. சிப்பி வரிசைதான் சின்னது.

கோஜே தீவிலிருந்துகூடப் பேருந்து பிடித்து வந்தார்கள். தாமரை போசல் மற்ற குறிக்காரிகள் மாதிரி கல்யாணம், வீடு, வழக்கு என்று கண்டதையும் தொடமாட்டார். அவருக்குக் கழுத்து மட்டும்தான். தைராய்டு சுரப்பியை வெட்டி எடுத்துவிட்டு, ஆயுள் முழுக்க விடியலில் ஒரு மாத்திரை விழுங்கும் பெண்களுக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை. நாங்கள் சிப்பி உரிக்கும் கொட்டகையில் மட்டுமே ஆறு பேர். போசல் தன் தொழிலை ஆராய்ந்துதான் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

"மாத்திரை போட்டும் உடம்ப அசைக்க முடியலியா?"

"ஆமா போசலம்மா."

"முடி கொட்டுதா? குளிருதா?"

"ஆமா போசலம்மா!"

விடியற்காலை நான்கு மணிக்கு, ஜனவரியில், கடல் தண்ணீர் சொட்டும் சிப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவளுக்குக் குளிராமல் வேர்க்கவா செய்யும்? ஆனால் போசல் கண்ணை மூடி, மணியை ஆட்டி, காரணத்தைச் சொன்னார்.

"உன் செத்துப்போன மாமியா உன் கழுத்துல கால் நீட்டி உக்காந்திருக்கா."

இதை மட்டும் ஒருத்தியும் சந்தேகப்படவில்லை.

தீர்வு ஒரு மஞ்சள் பட்டுப் பை. உள்ளே சிவப்பு மையில் எழுதிய மந்திரத் தாள். விலை ஐந்து லட்சம் வொன். கூடவே விரதம். எழுந்ததும் மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். பையைக் கழுத்தில் மாட்டி, ஒரு நீள ஊதுபத்தி எரிந்து முடியும்வரை, அதாவது ஒரு மணி நேரம், வாயில் எதுவும் படக்கூடாது. காபி கூடவே கூடாது. "காபி வாசனை வந்தா மாமியா முழிச்சிக்குவா." நாற்பத்தொன்பதாம் நாள் கடற்கரையில் பூசை. மிச்சமிருக்கும் மாத்திரைகளையெல்லாம் கடலரசனுக்கு வீசிவிட வேண்டும். அதற்கப்புறம் மாத்திரையே வேண்டாம். பூசைக்குத் தனிக் கட்டணம்.

எங்கள் கொட்டகையில் முதல் பையை வாங்கியவள் மல்-சூன். நான்கு ஆண்டுக்கு முன் சுரப்பியை முழுதாக எடுத்தவள். டாக்டர் மூன்றாவது முறையாக மாத்திரையின் அளவைக் கூட்டப் போவதாகச் சொல்லியிருந்தார். இரத்தப் பரிசோதனையில் எண் ஏன் இறங்க மாட்டேன் என்கிறது என்று அவருக்கும் புரியவில்லை. "வெறும் வயித்துலதானே போடறீங்க?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். "வெறும் வயித்துலதான்" என்று அவளும் சத்தியமாகச் சொல்வாள். சத்தியம்தான். கொட்டகைக்குள் நுழைந்ததும், பாலும் சர்க்கரையும் கலந்தே வரும் மிக்ஸ் காபிப் பொட்டலத்தைக் கிழித்துக் காகிதக் கோப்பையில் கொட்டி, வெந்நீர் ஊற்றி, அந்தக் காலிப் பொட்டலத்தாலேயே கலக்கி, மாத்திரையை வாயில் போட்டு மடக்கென்று குடிப்பாள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான். காபி என்ன சாப்பாடா? எங்கள் அகராதியில் சோறு வயிற்றுக்கு, காபி கைக்கு. கை சூடானால்தான் கத்தி பிடிக்க முடியும்.

கொட்டகையில் எடை போடுபவள் ஓக்-புன். வயது அறுபத்தொன்று. யார் எத்தனை கிலோ உரித்தோம் என்று தராசில் வைத்துச் சொல்பவள். "அக்கா, இன்னிக்கு எப்படியும் நாப்பது கிலோ இருக்கும்" என்றால், "தராசு சொல்லட்டும்" என்பாள். அவளுக்கும் அதே மாத்திரைதான்.

"மல்-சூன், அந்த மந்திரத் தாள் உன் கழுத்துல இல்ல, மூளையில ஒட்டியிருக்கு" என்றாள் ஓக்-புன். "அந்த ஒரு மணி நேரம் காபி குடிக்காம இருக்கே பாரு, அதுதான் வேல செய்யும். நானும் இன்னிலேருந்து அப்படித்தான் செய்யப்போறேன். பை இல்லாம."

"காசு குடுக்க மனசில்லன்னு சொல்லுங்கக்கா."

"அதுவும்தான்."

அன்று மாலை எல்லோரும் வழக்கம்போலப் பொதுக் குளியலறைக்குப் போனோம். பை நனையக் கூடாது. மல்-சூன் அதைக் கழற்றி, முதலில் குளித்து முடித்திருந்த ஓக்-புன்னிடமே பத்திரமாகக் கொடுத்தாள். அங்கே என்ன நடந்தது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

நாற்பத்தெட்டாம் நாள் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. மல்-சூனுக்கு நான்கு ஆண்டாக எகிறிக்கொண்டிருந்த எண் ஒழுங்காக இறங்கி உட்கார்ந்திருந்தது. டாக்டரே இரண்டு முறை காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாராம். கொட்டகையே கைதட்டியது.

"எனக்கும் இறங்கிருச்சு. பை இல்லாமலே" என்று ஓக்-புன் தன் காகிதத்தைக் காட்டினாள்.

"நீங்க என் பக்கத்துலதானே நிக்கிறீங்க? என் பையோட காத்து பட்டிருக்கும்" என்றாள் மல்-சூன்.

நாங்களும் தலையாட்டினோம். தலையை அதற்கு மட்டுமே பயன்படுத்திக்கொண்டிருந்த காலம் அது.

"சரி. நாளைக்கு மாத்திரைய வீசிட்டு அப்புறம் என்ன செய்வே? உனக்குச் சுரப்பியே இல்லடி. உன் உடம்புக்கு அடுப்பே அந்த மாத்திரதான். அணைஞ்சா நீ அணைஞ்சே."

"போசலம்மா பாத்துக்குவாங்க."

மறுநாள் விடிந்ததும் கடற்கரையில் நூறு பேராவது இருப்போம். படையலுக்குப் பன்றித்தலை, பேரிக்காய், அரிசிப் பலகாரம், சிவப்பு, நீலக் கொடிகள். கடலரசனுக்கும் தைராய்டு இருக்கும்போலிருக்கிறது, மாத்திரை அட்டைகள் குவிந்து கிடந்தன. போசல் ஒவ்வொருத்தியின் பையையும் தொட்டு, உள்ளே மந்திரம் எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். மல்-சூனின் பையைத் தொட்டதும் சுட்டதுபோலக் கையை உதறினார்.

"அப்பப்பா! என்ன சூடு! இருக்கற பையிலேயே இதுலதான் சக்தி அதிகம்! மாமியாவ எரிச்சு சாம்பலாக்கிருச்சு!"

"நிச்சயமாவா போசலம்மா?" கூட்டத்திலிருந்து ஓக்-புன் கேட்டாள்.

"நான் எழுதின மந்திரம் எனக்குத் தெரியாதா?"

"அப்போ பிரிச்சுப் பாத்துரலாம்."

போசல் "தொடாதே!" என்பதற்குள் சிப்பிக் கத்தி தையலைக் கிழித்துவிட்டது. ஓக்-புன் உள்ளே இருந்த தாளை எடுத்து மல்-சூனின் கையில் வைத்தாள். மல்-சூன் சத்தமாக வாசித்தாள்.

"பத்து கூப்பன் சேர்த்தால்... ஒரு பொரித்த கோழி இலவசம்."

கூட்டமே கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது.

"குளிக்கப் போன அன்னிக்கே மாத்திட்டேன்" என்றாள் ஓக்-புன். "நாப்பத்தெட்டு நாளா உன்ன காப்பாத்தினது கோழிக்கடைடி."

போசல் லேசுப்பட்டவர் இல்லை. மூச்சு விடாமல் சொன்னார்: "கோழி கூவினா பேய் ஓடும்னு உங்களுக்குத் தெரியாதா? அதான் வேல செஞ்சிருக்கு!"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கூட்டத்தில் பாதி பேர் "அட, ஆமா!" என்றோம். ஒருத்தி எந்தக் கடைக் கூப்பன் என்றுகூடக் கேட்டாள்.

ஓக்-புன் சிரிக்கவில்லை. மல்-சூன் வீசுவதற்காகக் கையில் வைத்திருந்த மருந்துக்கடைப் பையைக் காட்டினாள்.

"வீசிக்கோ. நான் தடுக்கல. அதுக்கு முன்னால அந்தப் பையில என்ன அச்சடிச்சிருக்குன்னு ஒரு தடவ படி. நாலு வருஷமா வாங்கறியே, ஒரு தடவ."

மல்-சூன் கண்ணைச் சுருக்கிப் படித்தாள். இந்த முறை குரல் மெதுவாக வந்தது.

"காலையில் வெறும் வயிற்றில், தண்ணீருடன். காபி, தேநீர், உணவு... ஒரு மணி நேரம் கழித்து. மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது."

நிமிர்ந்து போசலைப் பார்த்தாள். "முதல் ரெண்டு வரிய எனக்கு அஞ்சு லட்சத்துக்கு வித்தீங்க. கடைசி வரிய ஏன் விட்டுட்டீங்க?"

போசல் மணியைத் துணியில் சுற்றினார். கூட்டம் முழுக்கத் தங்கள் மருந்துப் பைகளைத் திருப்பித் திருப்பிப் படிக்கும் சத்தம் எழுந்தபோது அவர் வாடகைக் காருக்குள் இருந்தார். பன்றித்தலையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

மல்-சூன் மாத்திரை அட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள். "அக்கா, நாலு வருஷம் டாக்டர்கிட்ட பொய் சொல்லியிருக்கேனே."

"பொய் இல்லடி. அவர் வெறும் வயிறான்னு கேட்டார். நீ சோத்த மட்டும் நெனச்சு சொன்னே. அடுத்த தடவ போறப்போ காபியையும் சொல்லு. அவர் மூஞ்சி போற போக்கப் பாக்கலாம்."

அறுவை மருத்துவர் எங்கள் கழுத்தில் இருந்ததைத்தான் எடுத்தார். கழுத்துக்கு மேலே இருந்ததை அவர் தொடவே இல்லை. அதை நாங்களே வரிசையில் நின்று, காசும் கொடுத்து, கழற்றிக் கொடுத்தோம். அவரவருடையது இன்னும் இடத்தில் இருக்கிறதா என்று அவரவரே தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு விரதம் எதுவும் தேவையில்லை.