வேப்பிலைத் தீனி விஷயமாக மாப்பிள்ளைக்கு

ஹல்துமுல்லை

அன்புள்ள மாப்பிள்ளை ரமேஸ் அவர்களுக்கு, மாமனார் தம்பையா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை ரெங்கம்மாவும் சுகம். கோழிகள் சுகமில்லை. அங்கே நீங்களும் மகள் தனுஜாவும் நன்றாகத்தான் இருப்பீர்கள். யோசனை சொல்கிறவர்களுக்கு ஒரு குறையும் வராது. ஃபோனில் என்றால் நீங்களே பேசுவீர்கள், அதனால் கடிதம்.

தீபாவளிக்கு வந்தபோது என் புரொய்லர் கோழிகளைப் பார்த்து, "மாமா, கடைத் தீனியெல்லாம் விஷம். வேப்பிலையப் பொடி பண்ணிக் கலந்து போடுங்க, நோயே அண்டாது" என்றீர்கள். இந்தக் குளிரில் வேப்பமரம் ஏது? மொனராகலைக்குப் போய் ஒரு சாக்கு நிறைய உருவிக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்திலிருந்த அம்மாள் சாக்கைப் பார்த்துவிட்டு, "வீட்டுல யாருக்கு அம்மை?" என்றார். "கோழிக்குங்க" என்றேன். வெல்லவாய வருவதற்குள் என்னைச் சுற்றி சீட்டெல்லாம் காலி. அத்தை இலையை வாசலில் காயப்போட்டாள். அன்றிலிருந்து எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருவரும் நம் வீட்டுப் பக்கம் தேத்தண்ணி குடிக்க வரவில்லை.

பொடியைக் கலந்து வைத்தேன். கோழிகள் ஒரு கொத்துக் கொத்திவிட்டு என்னைப் பார்த்தன, மாப்பிள்ளை. தேயிலைத் தோட்டத்தில் இத்தனை வருஷம் வேலை பார்த்தும் அப்படி ஒருவரும் என்னைப் பார்த்ததில்லை. உங்களிடம் சொன்னதற்கு, "பழகிடும் மாமா, இன்னும் கூடப் போடுங்க" என்றீர்கள். கூடப் போட்டேன். விற்கிற பருவம் வந்தும் எல்லாம் புறா அளவில் நின்றுவிட்டன. வழக்கமாக எடுக்கிற பண்டாரவளை இறைச்சிக்கடை முன்ஸிப் பாய் வந்தார், ஒன்றைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பையாண்ணே, இதோட மிச்சம் எங்க?" என்று கேட்டுவிட்டு வெறும் லொறியோடு போய்விட்டார். அத்தை அடுத்த தடவைக்குக் குஞ்சு வாங்கச் சொல்லிக் காதில் கிடந்த தோட்டைக் கழற்றி என் கையில் வைத்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆகவே இனிமேல் தனுஜாவோடு வாருங்கள், யோசனையோடு வரவேண்டாம். மற்றபடி இருவரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நல்ல எடை கூடி, நீடூழி வாழ வாழ்த்தும்,

தம்பையா

பி.கு.: இதை ஒட்டுவதற்குள் எல்ல ஊரிலிருந்து நப்ரீஸ் என்ற ஹோட்டல்காரர் வந்தார். "வெள்ளக்காரங்களுக்கு ஆளுக்கு ஒரு முழுக் கோழி வைக்கிறோங்க, இந்தச் சைஸ்தான் வேணும். இலை தின்னு வளந்ததுன்னா இன்னும் விசேஷம்" என்று அத்தனையையும் அள்ளிக்கொண்டு போனார். இதேபோல் இன்னும் வேண்டுமாம். தோட்டை அத்தையிடமே கொடுத்துவிட்டேன். மேலே உள்ளதை வாசிக்க வேண்டாம். இது யார் யோசனை என்று அவர் கேட்டார். என்னுடையது என்று சொல்லிவிட்டேன். உங்களிடம் கேட்டாலும் அப்படியே சொல்லவும்.