மாப்பிள்ளை அனுப்பிய சாய்வு சைக்கிள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் நலமாக இருப்பீர்கள். அதை இந்தக் கடிதம் கெடுக்கப் போவதால் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் வரைந்து, உங்கள் கம்பெனி செய்து, முழங்கால் வலிக்காரர் ஒருவர் ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கு அனுப்பிய, மோட்டாரும் மூன்று சக்கரமும் வைத்த சாய்வு சைக்கிளை ஓட்டிப் பார்த்துவிட்டேன். நான் நல்லபடியாக எழுதினால் முதலாளி அதைத் தயாரிக்கச் சம்மதிப்பார், இல்லையென்றால் நீங்கள் பழையபடி மணி பொருத்தும் பிரிவுக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் தெரியும். ஆனால் ஓட்டுநர் உரிமத் தேர்வில் சொந்த மச்சானையே ஃபெயிலாக்கிய அதிகாரி நான். உறவு வேறு, பிரேக் வேறு.

முதலில் சௌகரியம். அது அளவுக்கு மீறி இருக்கிறது. முதுகுக்கு மெத்தை, தலைக்குத் திண்டு, சாய்ந்தபடி காலை முன்னால் நீட்டி லேசாக மிதித்தால் மீதியை மோட்டார் பார்த்துக்கொள்கிறது. இப்படி இருந்தால் மனுஷன் தூங்காமல் என்ன செய்வான்? சிக்னலில் சிவப்பு விழுந்ததும் கண்ணை மூடியவன்தான், பச்சை வந்தது, போனது, மறுபடி வந்தது, பின்னால் நின்ற லாரி டிரைவர் இறங்கி வந்து மூக்கருகே கையை வைத்துப் பார்த்து, "மூச்சு இருக்குப்பா!" என்று சாலை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

அடுத்தது பாதுகாப்பு. விழ முடியாது, ஒத்துக்கொள்கிறேன். விழுவதற்கு உயரம் வேண்டாமா? தெருமுனை நாய் குரைக்கக்கூட மறந்து, தன் உயரத்துக்கே வந்த என் முகத்தைப் பார்த்துக்கொண்டு மார்க்கெட் வரை பக்கத்திலேயே ஓடி வந்தது. மருந்துக்கடைக்காரர் பதறிப்போய், "சார், எப்ப ஆபரேஷன்? ஒரு வார்த்தை சொல்லலையே!" என்றார். இல்லை என்று சொல்லச் சொல்ல, "எங்கிட்ட மறைக்காதீங்க சார்" என்று ஒரு டானிக்கை மடியில் வைத்து, காசையும் வாங்கிக்கொண்டார்.

மோட்டார் இன்னும் மோசம். "இனிமே மேடே ஏறாதீங்க" என்று எனக்கு உத்தரவு போட்ட எலும்பு டாக்டர் மேட்டுத் தெருவில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். மணியடித்துவிட்டு அவரைத் தாண்டிப் போனேன். இப்போது எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அந்த உற்சாகத்தில், பால் வாங்கப் போனவன் பக்கத்து ஊர்வரை போய், பாலை மறந்து திரும்பினேன். அன்று வீட்டில் பாலில்லாத காப்பி, பேச்சில்லாத சாப்பாடு.

ஆகவே வண்டி ஃபெயில். மணி பொருத்துவதும் மரியாதையான வேலைதான். நீங்களும் என் மகளும் சண்டை போட்டாலும் சேர்ந்தே சாப்பிட்டு, நெடுநாள் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பி.கு.: தபாலில் போடச் சொல்லிக் கொடுத்த இந்தக் கடிதத்தை உங்கள் அத்தை பிரித்துப் படித்துவிட்டாள். "தேறாத வண்டியக் கம்பெனி நம்மகிட்டயே விட்டுடும்னு மக சொன்னாளே, அதுக்குத்தானே இப்படி எழுதியிருக்கீங்க? மாப்பிள்ளை பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு அப்படி என்ன சவாரி?" என்று கேட்டாள். உண்மை அதுதான், மாப்பிள்ளை. முழங்கால் கைவிட்ட பிறகு வாசல் கேட்டோடு என் உலகம் முடிந்துபோயிருந்தது. இப்போது முகத்தில் காற்று அடிக்கத் தினமும் எங்காவது போய் வருகிறேன். அதை விட மனசு வரவில்லை. வெட்கமாக இருக்கிறது. மேலே உள்ளதைக் கிழித்துப் போட்டுவிட்டு, வண்டி முதல் தரம், பாஸ் என்று முதலாளியிடம் சொல்லுங்கள். தேறிய வண்டியைக் கம்பெனி எடுத்துக்கொள்ளட்டும். அதை எடுத்துப்போக வேன் எந்த நாள் வரும் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அன்றைக்கு நான் வெளியூர் போக வேண்டியிருக்கிறது. அந்த வண்டியில்தான்.