அந்தக் காட்டில் நான் எந்த மிருகம்?

அன்புள்ள மூத்த மகளுக்கு,

அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் போன் வந்தால் முதலில் உன் அம்மாவிடம் போகிறது, அப்புறம் அத்தை, அப்புறம் மாமா, அப்புறம் உன் தம்பி. என் கைக்கு வரும்போது போனில் சூடு மட்டும்தான் மிச்சம்.

விஷயம் இதுதான். நீ டிவிக்கு எழுதுகிறாயே, மிருகங்கள் எல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு சேட்டை பண்ணுகிற அந்தக் காட்டு நாடகம், அதை நாங்கள் வாரம் தவறாமல் பார்க்கிறோம். ஆரம்பித்த இரண்டாவது வாரமே உன் அம்மா மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு, "ஏங்க, அந்த அணில் நான்தாங்க!" என்று துள்ளினாள். யோசித்துப் பார்த்தேன். அந்த அணில் எதைக் கண்டாலும் பத்திரப்படுத்தும், வைத்த இடத்தை மறக்கும், பிறகு காட்டையே தோண்டும். அச்சு அசல் உன் அம்மா. போன வாரம்கூட என் மூக்குக்கண்ணாடி காணாமல் போய் வீடே தலைகீழானது. கடைசியில் ஃப்ரிட்ஜில் முட்டை வைக்கிற தட்டிலிருந்து அவள்தான் அதை எடுத்தாள். உடையாமல் இருக்கட்டும் என்று அங்கே வைத்தது நான், அது வேறு விஷயம்.

அவ்வளவுதான், அதிலிருந்து வீட்டில் ஆளாளுக்கு ஒரு மிருகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். உன் அத்தை முள்ளம்பன்றி. அதில் எனக்கும் சந்தேகமில்லை. அவள் படுக்கை விரிப்பை மடிக்கிற விதம் தப்பு என்று அண்ணன் என்கிற உரிமையில் ஒரு வார்த்தை சொன்னேன். "உனக்கு ஏண்ணே எதுக்கெடுத்தாலும் முள்ளு நிக்குது?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறாள். நான் உடனே சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய், சாயங்காலம் வரை அவள் முகத்தில் விழிக்கவில்லை. எவ்வளவு ரோஷக்காரி பார்த்தாயா! உன் அம்மாவின் தம்பி, உன் மாமா, நரி. நைச்சியமாகப் பேசி வேலையிலிருந்து நழுவுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுகிற நாள் வந்தால் எனக்கு வழக்கமாக இடுப்பு பிடித்துக்கொள்ளும், அவனுக்கும் அது தெரியும். இந்தத் தடவை நான் வாயைத் திறப்பதற்குள், "மாமா, எனக்கு இடுப்பு பிடிச்சிருச்சு" என்று முந்திக்கொண்டான். நரியேதான். உன் தம்பி கரடி. உட்கார்ந்த இடத்தில் தூங்குவான், கேட்டால் தூங்கவில்லை என்பான். அந்தக் கரடி குறட்டை விட்டு மரத்திலிருந்து பறவைகளை எல்லாம் துரத்திய வாரம், நானும் குறட்டை விட்டேன் என்று அவன் சொல்கிறான். நான் கண்ணை மூடிக்கொண்டு வசனத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதோடு விட்டார்களா? வீட்டில் எல்லோரும் தங்கள் மிருகத்துக்குக் களங்கம் வரக்கூடாது என்று நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். உன் அம்மா டிவி ரிமோட்டை ஷூவுக்குள் ஒளித்து வைத்துவிட்டு, மறந்துபோய்விட்டது என்று பெருமையாகச் சொல்கிறாள். நான் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டேன், இத்தனை வருஷத்தில் என் கால் இப்படி மரத்துப்போனதில்லையே என்று பயந்துகொண்டே போனேன். அத்தையிடம் கொஞ்சம் மெதுவாகப் பேசேன் என்றால், "என் மருமகளே என்னை முள்ளுன்னு டிவில காட்டிட்டா. இனிமே குத்தாம இருந்தா அவளுக்கு என்ன மரியாதை?" என்கிறாள். தம்பி ஆபீசிலேயே தூங்கி மானேஜரிடம் மாட்டிக்கொண்டு, அக்கா நாடகத்தில் வருகிற கரடி நான்தான் என்று சொல்லியிருக்கிறான். அந்த மானேஜர் கோபப்படாமல் அவனோடு நின்று படம் எடுத்துக்கொண்டாராம்! இந்த உலகம் எங்கே போகிறது?

இதில் நான் எந்த மிருகம்? அதைத்தான் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். முடிதிருத்துகிறவர் கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு, "ஐயா, அதுல நீங்க எது?" என்று கேட்கிறார். அந்த நிலைமையில் மனிதன் என்ன பதில் சொல்ல முடியும்? நான் லிஃப்ட் பரிசோதகனாக வேலை பார்த்தவன். கோளாறு எங்கே என்று தெரியாவிட்டால் ஒவ்வொரு பாகமாகப் பார்த்து, இது இல்லை, இது இல்லை என்று கழித்துக்கொண்டே வர வேண்டும், மிஞ்சுவதுதான் கோளாறு. அதே முறையில் என்னையும் பார்த்தேன். எதையும் ஒளித்து வைக்கிறவன் இல்லை, ஆகவே அணில் இல்லை. முன்கோபம் கிடையாது, கிடையாது என்றால் கிடையாதுதான், அதில் யாரும் எதிர்த்துப் பேச வேண்டாம். தந்திரம் தெரியாது. பகலில் தூங்குவதில்லை. மிச்சம் இருப்பது அந்த முயல். குட்டிகள் பொந்துக்குத் திரும்புகிற வரை வாசலிலேயே நடுங்கிக்கொண்டு நிற்குமே, அது. நம் வீட்டில் அப்படிப் பயந்தாங்கொள்ளி யாரும் இல்லை. தம்பி வேலையிலிருந்து வருகிற நேரத்தில் நான் கேட்டருகே நிற்பது காற்றுக்காக. ஆக, கழித்துப் பார்த்ததில் மிச்சம் ஒன்றுமே இல்லை.

அம்மாடி, எனக்குச் சங்கடமாக இருக்கிறது. முதலில் சும்மா தெரிந்துகொள்ளும் ஆசைதான். இப்போது அப்படி இல்லை. அத்தனை பெரிய காடு, அதில் உன் தாய்மாமனுக்கு இடம் இருக்கிறது, எனக்கு ஒரு பொந்துகூட இல்லையா? வேலை வேலை என்று ஊர் ஊராகக் கட்டடம் ஏறி இறங்கியவனைப் பற்றி எழுத என் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாமல் போய்விட்டதோ என்று உறுத்துகிறது. நான் சிங்கம் கேட்கவில்லை, அவ்வளவு பேராசை கிடையாது. ஒரு மான் போதும். கொஞ்சம் வயதான மான். பொறுமைசாலி, நிதானமானவர், எல்லா மிருகங்களும் யோசனை கேட்டு வரும். அதிகம் பேச வேண்டாம், ஒவ்வொரு வாரமும் கடைசியில் வந்து ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போதும். முடியாது என்றால் இந்த மிருகங்களின் குணத்தையாவது மாற்றிவிடு, அணிலுக்கு ஞாபகசக்தி கொடு, கரடியை எழுப்பிவிடு, நம் வீடு வீடாக இருக்கட்டும்.

நீ எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, நல்ல பெயரோடு பல்லாண்டு வாழ வேண்டும். உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும், கரடிக்குக் குரல் கொடுக்கிற அந்தப் பிள்ளைக்கும் என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
மிருகம் இல்லாத உன் அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டித் தபால்தலையும் ஒட்டிய பிறகு உன் போன் வந்தது. எல்லோரும் டிவி முன்னால் உன் காட்டில் இருந்ததால் முதல்முறையாக நானே எடுத்தேன். நீ சொன்னதை இன்னொரு தடவை எழுதிப் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும் போலிருக்கிறது. அதற்காகவே உறையைப் பிரித்தேன். அணில் யார் என்றேன். "நீங்கதான்பா." முள்ளம்பன்றி? "நீங்கதான்." நரி? "தண்ணித் தொட்டி கழுவுற நாள் ஞாபகம் இருக்கா?" கரடி? சிரித்தாய். முயலைப் பற்றிக் கேட்டபோது மட்டும் நீ சிரிக்கவில்லை. "எழுத உக்காந்தா வேற யாருமே வர்றதில்லப்பா. அஞ்சும் நீங்கதான்." போனை வைத்த பிறகும் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். மான் வேண்டாம். யார் குணத்தையும் மாற்ற வேண்டாம். இதை உடனே எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கூடத்துக்குப் போனேன். அங்கே உன் அம்மா அணிலைக் காட்டி, "பாருங்க, என்னை மாதிரியே முழிக்குது" என்று கைதட்டிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. நீயும் சொல்லிவிடாதே. என் முகத்தைப் பார்த்துவிட்டு உன் அத்தை, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, பக்கத்தில் வந்து என் தோளைத் தட்டி, "விடுண்ணே, அடுத்த வருஷமாவது உன்னைப் போடுவா" என்றாள். "போடட்டும், பாக்கலாம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.