அந்தரம் சாரின் வாண்டா

நெய்வேலியில் மண்ணை நம்பாமல் வாழ்ந்த ஒரே மனிதர் அந்தரம் சார்தான். ஊரே மண்ணைத் தோண்டித்தான் சாப்பிடுகிறது. அவரும் சுரங்கத்தில் மண் சுமக்கும் பெல்ட்டைப் பராமரிக்கும் வேலையில்தான் இருந்தார். ஆனால் ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டால், "செடிக்கு எதுக்கும்மா மண்ணு?" என்று கேட்பார். எதிர்வீடு என்பதால் அந்தக் கேள்வி பெரும்பாலும் என் மேல்தான் விழும்.

வாசல் மாமரத்தில், மரச்சட்டக் கூடையில், ஓர் ஆர்க்கிட் செடியை அந்தரத்தில் தொங்கவிட்டிருந்ததால் வந்த பெயர் அது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும்.

செடியை ஒரு மலர்க் கண்காட்சியில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அவர் மனைவி செல்வி அக்கா, சேத்தியாத்தோப்புக்காரர், வாசலிலேயே மறித்தார்.

"இன்னா செடிங்க இது?"

"வாண்டா."

"வாணாமா? வாணாம்னா எதுக்குத் தூக்கினு வந்தீங்க?"

"பேரே அதான் செல்வி. வாண்டா."

"பேரு வெச்சவனுக்கே வாணாம்னு தோணியிருக்கு. உங்களுக்குத் தோணலயே."

விற்றவர் சொல்லி அனுப்பிய பாடம் சுருக்கமானது: மண் போடாதீர்கள், கரி போடுங்கள். நெய்வேலிக்காரரிடம் கரி என்று சொன்னால் மனம் வேறு எங்கே போகும்? லாரியிலிருந்து சாலையோரம் சிந்திக் கிடந்த பழுப்பு நிலக்கரிக் கட்டிகளைப் பொறுக்கி வந்து கூடையை நிரப்பினார்.

"ஊருக்கே கரண்ட்டு குடுக்குற கரி. ஒரு செடிக்குப் பத்தாதா?"

நிலக்கரி தண்ணீரில் ஊறி, உதிர்ந்து, சேறாகி வேரை மூடியது. பாதி வேர் அழுகிவிட்டது. அக்கா எட்டிப் பார்த்தார்.

"கரின்னா அடுப்புக்கரிங்க. எங்க வூட்டுல பல்லு வெளக்குனோமே, அது. மைன்ஸுல வேல பாத்தா எல்லாமே மைன்ஸா?"

சார் அழுகியதை வெட்டிவிட்டு நாலைந்து அடுப்புக்கரித் துண்டுகளை மட்டும் வைத்தார். செடி பிழைத்தது. வேர்கள் கூடையை விட்டு இறங்கிக் கயிறு கயிறாகக் காற்றில் தொங்கின. தினமும் காலையில் அவற்றுக்குக் குளியல். வெள்ளி நிற வேர் நனைந்து பச்சையானதும் நிறுத்திவிடுவார். நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும் என்று கன்னம் உப்ப ஊதுவார். டியூட்டிக்குப் போகிறவர்கள் சைக்கிளை மெதுவாக்கிப் பார்ப்பார்கள். சார் செடிக்கு மந்திரிக்கிறார் என்று பேச்சு கிளம்பியது. வாசலில் கட்டித் தொங்கவிடும் ஆகாச கருடன் கிழங்கு என்று நினைத்த ஓர் அம்மா, திருஷ்டி கழியட்டும் என்று வேரெல்லாம் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துவிட்டுப் போனார்.

"வேரு மூச்சு வுட வாணாமா?" என்று புலம்பியபடி அந்தரம் சார் ஒவ்வொரு பொட்டாகத் துடைத்தார்.

பூ மட்டும் வரவில்லை. ஓய்வு நெருங்கியது. குவார்ட்டர்ஸைக் காலி செய்து சேத்தியாத்தோப்பு வீட்டுக்குப் போக வேண்டும்.

"பூக்கலன்னா இத மரத்தோடயே வுட்டுட்டுப் போயிடுவேம்மா," என்றார் என்னிடம். "எனக்கு வளக்கத் தெரியலன்னுதான அர்த்தம்?"

அன்று அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

குறை எங்கே என்று அக்கா கண்டுபிடித்திருந்தார். "வெயிலு பட்டா கருகிடும்னு மரத்தடியிலயே பொத்திப் பொத்தி வெச்சினு இருந்தா எப்படிப் பூக்கும்?" சார் டியூட்டிக்குக் கிளம்பியதும் அக்கா கூடையை எடுத்துத் துணிக்கொடியில், இளவெயிலில் மாட்டுவார். வெயில் ஏறினால் மேலே ஒரு மெல்லிய துண்டு. சார் வருவதற்குள் செடி மீண்டும் மாமரத்தில் இருக்கும்.

"அவருகிட்ட சொல்லிடாதம்மா," என்றார் அக்கா என்னிடம். நான் வாயே திறக்காதவள் என்பது தெருவுக்கே தெரியும்.

கரும்பச்சையாக இருந்த இலைகள் இளம்பச்சையாக மாறின. "இலைக்குக் காமால வந்துடுச்சி" என்று அந்தரம் சார் சோறு தண்ணீர் இறங்காமல் திரிந்தார். ஆனால் இலைக்கணுவில் ஒரு தண்டு எட்டிப் பார்த்தது. மொட்டுகள் விரிந்தன. கட்டம் போட்ட ஊதாப் பூக்கள். தெருவையே கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தியா செல்வி? நெழல்ல வெச்சிப் பொறுமையா வளத்தா எப்படிப் பூக்குது!"

அக்கா ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே, "ஆமாங்க, நெழலுதான்," என்றார்.

காலி செய்த அன்று சார் வாண்டாவை டெம்போவில் சாமான்களோடு ஏற்ற விடவில்லை, தன்னோடு வைத்துக்கொண்டார். வண்டியில் ஏறுவதற்கு முன், அதன் அடியில் முளைத்துத் தனி வேர் விட்டிருந்த கன்றைப் பிரித்து என் வாசலில் மாட்டினார்.

இப்போது வாரம் தவறாமல் போன் வருகிறது. நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. "இலை எப்படிம்மா இருக்கு?" அவ்வளவுதான்.

கன்று செழிப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும், "கொஞ்சம் வாடின மாதிரி தெரியுது சார்," என்று சொல்லி வைக்கிறேன். சேத்தியாத்தோப்பு ஒரு பஸ் தூரம்தானே. வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.